திறந்ததும் வரும் பச்சைக் குறி

அம்மாவின் ஆபரேஷனுக்காகப் பத்து நாள் லீவு கேட்டு அக்கா மெயில் அனுப்பி மூன்று வாரம் ஆகிவிட்டது. அவள் ஆபீஸில் மெயிலுக்கெல்லாம் பூட்டு உண்டு. மேனேஜரின் போனுக்கு வரும் ரகசிய எண்ணைப் போட்டால்தான் திறக்கும். திறந்ததும் அனுப்பியவருக்குப் பச்சைக் குறி வரும். அக்காவுக்கு அது மறுநாளே வந்துவிட்டது, பதில்தான் வரவில்லை. படித்துவிட்டும் கல்லுளிமங்கன் மாதிரி இருக்கிறாரே என்று சோறு இறங்காமல் கிடந்தாள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள், நேரிலேயே கேட்டுவிடலாம் என்று அவர் அறைக்குப் போனாள். அவர் இல்லை. ஆபீஸைக் கூட்டித் துடைக்கும் ஆயாம்மா அவர் நாற்காலியில் உட்கார்ந்து, அவருடைய போனைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு மெயிலாகத் திறந்துகொண்டிருந்தார்.

"என்ன ஆயாம்மா, பிரமோஷனா?"

"அட, நீ வேற! பச்சை வரலைன்னா மேலிடத்துல கேள்வி கேக்குறாங்களாம். தினம் எல்லாத்தையும் தொறந்து வெச்சுடுன்னு போனையே குடுத்துட்டாரு."

அக்காவுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப என் மெயில்?"

"நான்தான் தொறந்தேன். படிச்சேன். அம்மாவுக்கு இப்ப எப்படிடி இருக்கு?"

அந்த ஆபீஸில் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். "நாளைக்கு ஆபரேஷன். லீவுக்கு இன்னும் பதிலே வரலை" என்றாள் அக்கா.

"அசடு, இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன? காகிதத்துல எழுதி எடுத்துட்டு வா. அவரு டீ குடிக்கையில நீட்டுறேன்."

கால் மணி நேரத்தில் கையெழுத்தோடு வந்தது.

"என்ன சொன்னாரு?"

"எங்க போடணும்னு கேட்டாரு. காட்டினேன்."