கடைசி இரண்டு கட்டங்கள்

"பதினாறாவதுக்கு எட்டுப் புள்ளி நாலு," என்றாள்.

தையல்காரர் ஒற்றை விரலால் எட்டைத் தேடினார். முப்பது வருஷம் மிஷினில் ஓடின கை. இன்று மனைவியின் கட்டிலோரம் உட்கார்ந்து அவளுடைய மடிக்கணினியில் ஒரு புள்ளி வைக்க இப்படித் தடுமாறியது.

பாதித் தடுமாற்றம் கணினியால். மீதி அவள் மூச்சால். ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவே அவள் எடுத்துக்கொள்ளும் நேரம் நீண்டுகொண்டே வந்தது. இன்று தாண்டுவது கஷ்டம் என்று வீட்டுக்கு வந்துபோகும் நர்ஸ் காலையிலேயே தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். மகள் ரயிலில் வந்துகொண்டிருந்தாள்.

"கொஞ்சம் கண்ணை மூடிக்கோயேன். இது எங்கே ஓடிடப் போகுது?"

"அஞ்சு மணிக்குள்ள பத்திரிகைக்குப் போகலைன்னா என் கட்டுரை தப்போட அச்சாயிடும். அப்புறம் என் பேர் நாறும்."

அவளுக்குப் பல்கலைக்கழகத்தில் வானியல் ஆராய்ச்சி. விண்மீன் திரள்களை எடைபோட்டு, எதில் எவ்வளவு உலோகம் சேர்ந்திருக்கிறது என்று பார்க்கிற வேலை. ஆக்சிஜனைக்கூட இவர்கள் உலோகம் என்பார்கள். கல்யாணமான புதிதில் அதைக் கேட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார். நட்சத்திரம் வெடித்தால் அது சமைத்ததெல்லாம் சிதறும். கனமான திரள் இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். சின்னதுக்கு அந்தப் பிடிமானம் இல்லை, பறிகொடுத்துவிட்டு நிற்கும். ஆனால் எவ்வளவு பறிகொடுத்தது என்பதில்தான் அவள் கோட்டை விட்டிருந்தாள். சின்னதுகளை ஒரு அளவுமுறையிலும் பெரியதுகளை இன்னொன்றிலும் அளந்துவிட்டாள். போன வாரம் படுத்த படுக்கையில்தான் அது கண்ணில் பட்டது.

"பழைய டேப்புல கழுத்தையும் புது டேப்புல கையையும் அளந்துட்டே," என்றார் அவர்.

"அதேதான். பாவம், சின்னதுங்க மேல அபாண்டமாப் பழி போட்டுட்டேன். நான் எழுதின அளவுக்கு அதுங்க இழக்கலைங்க."

உடனே இருபத்தோரு சின்னத் திரள்களுக்கும் திருத்தின உலோக அளவுகளைப் பென்சிலால் நோட்டில் போட்டாள். ஆனால் கை நடுக்கத்தில் அவள் எழுத்து அவளுக்கு மட்டுமே புரிந்தது. அதனால்தான் அவள் படிக்க, அவர் அடிக்க, இரண்டு மணியிலிருந்து இந்தப் பாடு.

"பதினேழு, பதினெட்டு ரெண்டுக்கும் எட்டுப் புள்ளி மூணு."

"இரு, இரு. மூணு எங்கே போய்த் தொலைஞ்சுது?"

"இந்த வேகத்துல கோட்டு தைச்சிருந்தா, ஊரே குளிர்ல செத்திருக்கும்."

சிரிக்கப் போய் இருமினாள். அவர் எழுந்துவிட்டார். உட்காருங்கள் என்று கையைக் காட்டினாள்.

"பத்தொன்பதுக்கு எட்டுப் புள்ளி ரெண்டு. போட்டீங்களா?"

"போட்டாச்சு டாக்டரம்மா."

"இருபது..."

அவர் விரலை எட்டின்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். வழக்கமான இடைவெளிதான் என்று நினைத்தார். பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. ஆனாலும் நிமிரவில்லை. நிமிர்ந்தால் தெரிந்துவிடும்.

"இருபதுக்கு என்னம்மா?"

சமையலறைக் குழாய் சொட்டியது. கீழே யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பினார்கள். திரையின் மூலையில் மணி நாலு இருபது என்று இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அது நாலு இருபத்தொன்று ஆனபோதுதான் தலையைத் தூக்கினார்.

எட்டு என்று சொல்ல வந்த வாய் அப்படியே இருந்தது.

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருபத்தாறு வருஷம் பக்கத்தில் படுத்தவளைத் தொடப் பயமாக இருந்தது. நர்ஸைக் கூப்பிட்டால் ஆட்கள் வந்துவிடுவார்கள், இந்த அறை அவர் கையை விட்டுப் போய்விடும். அப்புறம் யார் அஞ்சு மணியைப் பார்ப்பார்கள்? மெல்ல நோட்டை உருவினார்.

எட்டுப் புள்ளி ஒன்றா, ஏழா? கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். இருபத்தொன்றும் அதே லட்சணம். பட்டியலில் திரள்களின் எடை குறைந்துகொண்டே போகிறது, உலோகமும் கூடவே குறைகிறது. நாலு, மூணு, ரெண்டு. ஒன்று என்று போட்டால் கச்சிதமாகப் பொருந்தும். அப்படிப் பொருந்தியதுதான் அவரைப் பயமுறுத்தியது. ஆளைப் பார்த்து உத்தேசமாக அளவு போட்டு அவர் வெட்டின துணி ஒன்றுகூட உருப்பட்டதில்லை.

"ஒண்ணா, ஏழா? சொல்லிட்டுப் போயேன்," என்றார். "எனக்குப் பயமா இருக்குடி."

பிறகு அந்த இரண்டு கட்டங்களையும் காலியாகவே விட்டார். கீழே ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார்.

'கடைசி இரண்டு எண்களும் நோட்டில் இருக்கின்றன. எனக்குப் படிக்கத் தெரியவில்லை. படிக்கத் தெரிந்தவர் நாலு இருபது வரை இருந்தார்.'

அனுப்பினார். அஞ்சுக்குப் பத்து நிமிஷம் இருந்தது.

ஃபோன் அடித்தது. மகள்.

"அப்பா, ஸ்டேஷன்ல இறங்கிட்டேன். ஆட்டோ ஒண்ணையும் காணோம், ஓடியே வந்துடறேன். அம்மா முழிச்சிருக்காங்களா?"

அவர் ஃபோனைக் காதில் வைத்தபடி கட்டிலைப் பார்த்தார்.

"ஓடாதேம்மா," என்றார். "ரோட்டைப் பார்த்து, மெதுவா வா."