அறுபத்தொரு குரல்கள் கிடந்த பெட்டி

படித்தவர்களே, பட்டம் பெற்றவர்களே, வந்து இந்த அநீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள். சங்கரன்கோவிலில், பொருளாதார விரிவுரையாளர் நெல்லைநாயகத்தின் கட்டிலுக்கடியில் இருந்த பச்சைத் தகரப் பெட்டி ஒன்பது ஆண்டுகள் பேசிக்கொண்டிருந்தது. அதற்குள் அறுபத்தொரு தறித் தொழிலாளர்களின் குரல் இருந்தது. குரலுக்கு உரியவர்கள் வெளியே வாயடைத்து நின்றார்கள். எடுத்தவர் கொடியவர் அல்லர். ஏழைகள்மீது மெய்யான இரக்கம் கொண்டவர். அதனால்தான் இதை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1972ஆம் ஆண்டு தை மாதத்தில் அவர் கோடு போட்ட நோட்டுகளோடு விசைத்தறிக் கூடங்களுக்குள் நுழைந்தார். காற்றடித்தால் நூல் அறும் என்று அக்கூடங்களுக்குச் சன்னல் வைப்பதில்லை. பஞ்சுத் தூசி உள்ளேயே சுற்றி, உள்ளிருப்பவர்களின் நெஞ்சில் இறங்கும். தொழிலாளர் நெஞ்சுநோய் பற்றி டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்ய அவர் பதிவு செய்திருந்தார். முதல் நோட்டின் முதல் பக்கத்தில் பேசியவள் அன்னக்கிளி. தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் நூலைக் கட்டையில் சுற்றிக் கொடுப்பது அவள் வேலை, வயது முப்பத்தொன்று. “திங்கக்கெழம காலையில மட்டும் நெஞ்சை ஆரோ கயித்தைப் போட்டு இறுக்குத மாதிரி இருக்கு, சார்வாள். ஞாயித்துக்கெழம லீவு எடுத்தேம்லா, அதுக்குத் தண்டனை!” என்று சிரித்தாள். எந்த நிறத்தில் சேலை ஓடுகிறதோ அந்த நிறத்தில் தனக்குச் சளி வருவதையும் சொன்னாள். அவர் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டார். ஒரே மாதத்தில் மேலும் அறுபது பேர் சொன்னார்கள்.

சொன்ன நாளிலிருந்து அவர்களால் அதைத் திரும்பச் சொல்ல முடியவில்லை. கத்தரிக்காய்க்குப் பேரம் பேசினார்கள், பிள்ளைகளை ஏசினார்கள்; நெஞ்சைப் பற்றிப் பேச வாய் திறந்தால் மட்டும் தறி ஓடும் சத்தம் வந்தது. அரசு மருத்துவர் அன்னக்கிளியிடம் என்ன செய்கிறது என்று கேட்டார். அவள் ஒரு நிமிடம் தறியாக ஓடினாள். கேலி செய்கிறாள் என்று எண்ணி, கசப்பு மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பினார். 1976இல் தறித் தொழிலாளர்களின் குறைகளைக் கேட்க விசாரணை அதிகாரி ஒருவர் வந்து, அரசு அலுவலகக் கட்டடத்தில் நாற்காலி போட்டு அமர்ந்தார். அறுபத்தொரு பேரும் வரிசையாக வந்து வாய் திறக்க, அந்தக் கட்டடம் மாலைவரை தறிக்கூடமாக அதிர்ந்தது. ‘புகார் ஏதுமில்லை’ என்று எழுதி, கையெழுத்திட்டு, அவர் மாலை ரயிலில் போய்விட்டார்.

அப்போது அந்தப் பேச்செல்லாம் எங்கே இருந்தது? பெட்டிக்குள். நெல்லைநாயகம் ஆய்வேட்டை எழுதவில்லை. ஆடித்தபசுத் திருவிழா கழியட்டும் என்றார். விடைத்தாள் திருத்தி முடியட்டும் என்றார். இன்னும் நான்கு நூல்கள் படித்துவிட்டால் தெளிவு பிறக்கும் என்றார். முழு விடுமுறையாக ஒரு மாதம் கிடைத்தால் ஒரே மூச்சில் முடிப்பதாக நம்பினார். எப்போதாவது உட்கார்ந்தால் முதல் வாக்கியத்தை எழுதுவார். அது பிடிக்காமல் தாளைக் கிழிப்பார். அடுத்த முறை மீண்டும் முதல் வாக்கியத்திலிருந்தே தொடங்குவார். ‘அன்னக்கிளி, வயது முப்பத்திரண்டு’ என்று கிழிபட்ட தாள் பின்பு முப்பத்துநான்கு என்றும், முப்பத்தேழு என்றும் கிழிபட்டது. அவர் மனைவி பகவதி காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள். அக்கம்பக்கத்தார் கேட்டால் ரேடியோ என்றாள். பெட்டிக்குள் பேசியவர்களில் பதினான்கு பேர் அதற்குள் இறந்துவிட்டிருந்தார்கள். அவர்கள் குரல்தான் மற்றவற்றைவிடத் தெளிவாகக் கேட்டது. “இதுகளை எழுதித் தொலைங்க. இல்லேன்னா ஆளுக்கொரு எல போட்டுச் சோறாவது வைக்கேன்” என்று பகவதி ஒருநாள் அழுதாள்.

1981 ஆவணியில் அன்னக்கிளி நேரில் வந்தாள். கார்த்திகையில் மறுபடி விசாரணை வரப்போவதாக அறிவித்திருந்தார்கள். வீட்டுக் கூடத்துச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தவள் உள்ளறைப் பேச்சைக் கேட்டு நிமிர்ந்தாள்.

“அங்கன கெடக்கது என் கொரலுலா? அடேயப்பா, எம்புட்டு எளசா இருந்திருக்கேன்!” என்றாள். பிறகு சிரிப்பு போய்விட்டது. “திருப்பித் தாங்க, சார்வாள். இந்தத் தடவையும் நாங்க தறியா ஓடினா, செத்தபொறவும் சன்னல் கெடையாது.”

அவர் பெட்டியைத் திறந்து முதல் நோட்டை அவள் கையிலேயே வைத்தார். அவள் வாய் திறந்தாள், தறி ஓடியது. நோட்டில் எடுத்த சொல்லை ஆய்வேட்டில் எழுதித்தான் திருப்ப முடியும் என்பது இருவருக்கும் விளங்கியது. மேசையைச் சுற்றிக் கிடந்த கிழிசல்களை அவள் பார்த்தாள்.

“இது என்ன, கோழி கிண்டுன குப்பை கணக்கா?”

“முதல் வரி சரியா அமையல, அன்னக்கிளி.”

“அதுக்காக அத்து எறிவாகளா? நெடுக ஓடுத பாவு நூலு தீந்துட்டுன்னா பழைய நூலை அச்சுப் பல்லுலயே விட்டு, அதுக்க நுனியில புது நூலைப் பிணைப்போம். அச்சைக் காலி பண்ணிட்டா ஆயிரம் இழையையும் மொதல்லருந்து கோக்கணும். நாலு நாள் கூலி போச்சு. நீங்க தெனமும் அச்சைக் காலி பண்ணுதீய! ஒம்பது வருசமா ஒரு முழம் நெய்யல. உங்களை எந்த மொதலாளியும் வேலைக்கு வைக்கமாட்டான், போங்க.”

மறுநாள் விடிந்ததும், தறிகள் ஓடத் தொடங்குமுன், நெல்லைநாயகம் உட்கார்ந்தார். முதல் வரியைத் தொடவில்லை. நடுவிலிருந்த நோட்டைப் பிரித்துச் சிவனாண்டி என்ற நெசவாளியின் பேச்சை எழுதினார். நன்றாக வரவில்லை, கிழிக்கவில்லை. தறிச் சத்தம் எழுந்ததும், ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டு எழுந்தார். அடுத்த காலை அந்தப் பாதியின் நுனியில் பிணைத்தார். மூன்றாம் நாள் மாலை டீக்கடையில் சிவனாண்டி திடீரெனத் தன் நெஞ்சைப் பற்றிப் பேசத் தொடங்கி, கடைக்காரர் விளக்கணைத்த பிறகும் நிறுத்தவில்லை. மனநிலை சரியில்லாத நாளிலும், காய்ச்சல் அடித்த நாளிலும் நெல்லைநாயகம் அரைப் பக்கமாவது எழுதினார். பெட்டி மெல்ல மெல்ல அடங்கியது. இறந்தவர்களுடையதை எழுதி முடித்த நாள்களில் வீட்டில் யாரோ விடைபெற்றுப் போவதுபோல் வாசற்கதவு தானே திறந்து மூடியது.

அன்னக்கிளி திங்கட்கிழமைதோறும் வந்தாள். ஒவ்வொரு முறையும் அவளுடையதை எடுக்க அவர் முனைந்தார். “எனக்கென்ன அவசரம்? புள்ளகுட்டிக்காரங்களுக்கு மொதல்ல குடுங்க” என்று அவள் தடுத்தாள். கார்த்திகை பிறந்தபோது அறுபது பேருடையது முடிந்திருந்தது, அவள் வரவில்லை. விசாரணைக்கு ஆறு நாள் முன்னதாக, ஒரு திங்கட்கிழமை காலையில், அவள் மூச்சு நின்றுபோயிருந்தது.

விசாரணை நாளின் விடியலில் நெல்லைநாயகம் முதல் நோட்டின் முதல் பக்கத்தை எழுதி முடித்தார். ‘அன்னக்கிளி, வயது நாற்பது’ என்று எழுதினார். அந்த எண்ணை இனி ஒருபோதும் திருத்த வேண்டியதில்லை. விசாரணையில் உயிரோடிருந்தவர்கள் எல்லாரும் பேசினார்கள். கடைசியில் எழுத்தர் அவள் பெயரை அழைத்தபோது, காலி நாற்காலியிலிருந்து திங்கட்கிழமையைப் பற்றியும் சளியின் நிறத்தைப் பற்றியும் தெளிவான குரல் வந்தது. அதிகாரி வயதைக் கேட்டார். “நாப்பது. அதுக்கு மேல ஏறாது, எழுதிக்கிடுங்க” என்றது குரல். எழுத்தர் எழுதிக்கொண்டு, நாற்காலிக்கு எதிரே மைப்பெட்டியை நகர்த்தினார். தாளில் கட்டைவிரல் ரேகை விழுந்தது. தண்ணீர்த் தம்ளரும் பாதியாகியிருந்தது. அடுத்த ஆண்டு தறிக்கூடங்களில் சன்னல் வைத்தார்கள். ஆய்வேட்டின் முதல் வாக்கியம் சுமாரானது. தேர்வாளர் ஒருவர் அதைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டிருக்கிறார்.

உங்கள் கட்டிலுக்கடியிலும் ஒரு பெட்டி இருக்கிறது. யாரோ நம்பிச் சொன்னது அதற்குள் கிடக்கிறது. சொன்னவர் எங்கோ வாய் திறந்து நிற்கிறார். நாளை விடிந்ததும் அதைத் திறங்கள். அரைப் பக்கம் எழுதுங்கள். கிழிக்காதீர்கள்.