படத்தில் வைக்கோல் தெரிகிறது

முதல் காட்சியிலேயே அறை விழ வேண்டும் என்று சொன்னவன் ஜெயராமன். அறைவது யார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, அவன்தான் அறைவான். வாங்கிக்கொள்வது யார் என்று கேட்டுவிட்டு அவன் சுற்றிலும் ஒருமுறை பார்த்தான். நூருல்லா சட்டென்று தன் நோட்டுப் புத்தகத்தின் மேல் குனிந்துகொண்டான்.

கண்ணுகளா, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நூருல்லாவுக்கு உலகத்தில் அப்போது வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: அடி தன்மேல் விழக் கூடாது. நல்ல பையன்தான். பதினாறு வயதில் நல்ல பையன்களுக்கும் அப்படித்தான் இருக்கும். அவனைக் கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள், கோபிக்க வேண்டிய இடம் பின்னால் வருகிறது.

அறுபத்தேழாம் வருடம் அது. செஞ்சியில் பதினோராம் வகுப்புப் பையன்கள் நான்கு பேர் ஒரு படம் எடுப்பதற்குத் திட்டம் போட்டார்கள். ஜெயராமனின் சித்தப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோனில் இருந்துவிட்டுப் புதுச்சேரிக்குத் திரும்பியவர். வரும்போது கைக்கு அடக்கமான ஒரு சினிமாக் கேமரா கொண்டுவந்திருந்தார். சாவியை முறுக்கிவிட்டால் கிர்ரென்று அரை நிமிடம் ஓடும், பிறகு நின்றுவிடும், மறுபடியும் முறுக்க வேண்டும். அதை அவர் அண்ணன் மகனுக்குக் கொடுத்தபோது கூடவே ஒரே ஒரு சுருளும் கொடுத்தார். மொத்தம் நான்கு நிமிடம். சத்தம் பதியாது. வீணாக்கினால் வேறு சுருள் கிடையாது.

கேமராவைப் பார்த்துப் பையன்களைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டவர் அறிவியல் வாத்தியார் ராமகிருஷ்ணன். பள்ளி ஆண்டு விழாவில் அதைத் திரையிடலாம் என்றார். கூட இருக்கிற சிநேகிதர்கள் உசுப்பேற்றி ஒரு நல்ல பையனை எப்படிக் கெடுக்கிறார்கள், அதை எடுங்கள் என்று விஷயத்தையும் அவரே கொடுத்தார். அவர் மனதில் இருந்தது பீடிதான். காட்சி காட்சியாக எழுதிக்கொண்டு வந்து காட்டச் சொன்னார். படத்தில் பேச்சு கேட்காது, அதனால் எல்லாம் உடம்பால் புரிய வேண்டும், ஒத்திகையிலேயே வாயைத் திறக்காமல் பழகுங்கள் என்று சொல்லிவிட்டு, நாலரை மணி பஸ்ஸில் திண்டிவனம் போய்விட்டார்.

அந்தப் பேச்சை ஜெயராமன் சட்டமாக்கிவிட்டான். ஒத்திகையில் யார் பேசினாலும் முதுகில் ஆளுக்கு ஒரு குத்து.

ஜெயராமன் அரிசி மில்காரர் வீட்டுப் பையன். வீராசாமியும் பாண்டுரங்கனும் அவன் சொல்வதற்கு முன்னாலேயே செய்து முடிக்கிறவர்கள். நூருல்லாவைச் சேர்த்துக்கொண்டது அவன் கையெழுத்துக்காக. அவன் அப்பா பீர் முகமது கடைத்தெருவில் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர். ஒன்பதாவதில் இதே மூன்று பேரும் நூருல்லாவை வேப்பமரத்தில் கட்டி, சட்டைக்குள் கட்டெறும்புக் கூட்டைக் கொட்டியிருக்கிறார்கள். பத்தாவதில் சட்டை கிழியாமல் வீட்டுக்குப் போன நாட்கள் குறைவு. இந்த நோட்டு கைக்கு வந்த பிறகு யாரும் அவனைத் தொடவில்லை.

முதல் காட்சியைப் பற்றிப் பேசிய அன்று, கோட்டைக்குள் களஞ்சியத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஜெயராமனின் பார்வை தன் உச்சந்தலையில் நிற்பது நூருல்லாவுக்குக் குனிந்தபடியே தெரிந்தது.

"வல்லத்திலேர்ந்து ஒருத்தன் வரான் இல்ல, இளையபெருமாள்," என்றான் நூருல்லா. "அவனப் போடலாம். எவ்ளோ அடிச்சாலும் அழமாட்டான்."

இளையபெருமாள் அவனோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறவன். வேர்க்கடலை, அந்த ஊர்ப் பேச்சில் மணிலாக்கொட்டை, விளைகிற வீடு. தினமும் டிராயர் பையில் அவித்த கொட்டை கொண்டுவந்து, வகுப்பு நடக்கும்போதே பாதியை நூருல்லாவின் மடியில் தள்ளுவான். கதாநாயகன் நீதான் என்று சொன்னதும் பல் தெரியச் சிரித்தான். மறுநாள் அம்மா அம்மாக்கண்ணுவிடம் சொல்லி, கஞ்சி போட்ட சட்டையில் வந்து நின்றான்.

முதல் நாள் பொய்யாகத்தான் அறைந்தார்கள். கை கன்னத்தைத் தொடுமுன் இவன் தலையைத் திருப்பிக்கொள்ள வேண்டும். பாண்டுரங்கன் தள்ளி நின்று பார்த்துவிட்டு, சத்தமில்லாத படத்தில் இது தெருக்கூத்து மாதிரி இருக்கும் என்றான். இரண்டாவது அறை நிஜமாக விழுந்தது. மூன்றாவதில் உதடு கிழிந்தது. இளையபெருமாள் கையால் துடைத்துப் பார்த்துவிட்டு, பற்களுக்கு இடையே ரத்தத்தோடு நூருல்லாவைப் பார்த்துச் சிரித்தான். நன்றாக வந்ததா என்று புருவத்தாலேயே கேட்டான். நூருல்லா எழுதிக்கொண்டான்: காட்சி ஒன்று. அறை. உதட்டில் ரத்தம்.

ஒரு வாரத்தில் காட்சி ஒன்று நான்கு தரம் மாறியது. அறை போதவில்லை என்று வயிற்றில் உதை வந்தது. உதை போதவில்லை என்று தலைமுடியைப் பிடித்து, களஞ்சியத்தின் கருங்கல் சுவரில் நெற்றியை மோதினார்கள். கல்லில் கொஞ்சம் தோல் ஒட்டிக்கொண்டது. இளையபெருமாள் அம்மாவிடம் சைக்கிளிலிருந்து விழுந்ததாகச் சொன்னான். வாத்தியாருக்குக் காட்டுவதற்கு நூருல்லா தனியாக ஒரு பிரதி எழுதினான். அதில் இந்த இடத்துக்கெல்லாம் ஒரே வரி: நண்பர்கள் அவனை வற்புறுத்துகிறார்கள். ராமகிருஷ்ணன் சார் சிவப்பு மையால் சரி போட்டார்.

இரண்டாவது காட்சி பீடி. அவன் வேண்டாம் என்று தலையாட்ட வேண்டும், மற்றவர்கள் வாயில் திணிக்க வேண்டும். வீராசாமி அவன் கைகளைப் பின்னால் முறுக்கிப் பிடித்துக்கொண்டான். ஜெயராமன் பீடியைப் பற்றவைத்து, வாய்க்குக் கொண்டுபோகாமல், சட்டைப் பொத்தானை ஒதுக்கி, நெருப்பைக் கழுத்தெலும்புக்குக் கீழே வைத்து அழுத்தினான். கஞ்சி போட்ட துணியும் தோலும் சேர்ந்து கருகின. அப்போதுதான் இளையபெருமாள் முதல் தடவையாக வாயைத் திறந்தான்.

"நூரு, சொல்லுடா."

அவ்வளவுதான் சொன்னான். சட்டம் மீறப்பட்டுவிட்டது. குனியவைத்து முதுகில் மூன்று குத்து விட்டார்கள். ஜெயராமன் நிமிர்ந்து நூருல்லாவைப் பார்த்தான்.

"நாம நாலு பேரு இருக்கறோம்டா."

நூருல்லா நோட்டைக் கீழே வைத்தான். இளையபெருமாளின் முதுகு அவன் பக்கம் வளைந்து காத்திருந்தது. ஓங்கிக் குத்தினான். சூடான முதுகு. சட்டைக்கு அடியில் எலும்பு நெளிந்து கொடுத்தது. தன் கைக்கு வலிக்கவே இல்லை என்பது அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

அன்று சாயங்காலம் வல்லம் போகிற சாலையில், இளையபெருமாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கொஞ்ச தூரம் அவனோடு நடந்தான். நூருல்லா அவன் முகத்தைப் பார்க்காமல், நாளையிலிருந்து வராதே, காய்ச்சல் என்று சொல்லிவிடு என்றான். இளையபெருமாள் பையிலிருந்து கொட்டையை எடுத்து அவன் கையில் வைத்தான்.

"இன்னும் ஒரு காட்சிதான நூரு. அத்தோட நானும் உங்க செட்டு."

செட்டில் ஆள் குறைந்தால் அந்த இடத்துக்கு யாரை இழுப்பார்கள் என்று நூருல்லாவுக்குத் தெரியும். கொட்டையைத் தின்றான்.

சனிக்கிழமை காலையில் படம் எடுத்தார்கள். முதல் இரண்டு காட்சிகளும் சீக்கிரம் முடிந்தன, பழகிப்போனவை. சுருளில் அரை நிமிடம் பாக்கி இருந்தது. கடைசிக் காட்சி கோட்டையின் புதுச்சேரி வாசலுக்குப் பக்கத்து மதிலில். சிநேகிதர்கள் சவால் விட, பையன் மதிலின் வெளிப்பக்கம் தொங்குகிறான், கை நழுவி விழுகிறான். அங்கே மதில் மூன்று ஆள் உயரம். கீழே வறண்ட அகழி, இடிந்து விழுந்த கருங்கற்கள். விழுவதற்கென்று ஜெயராமன் மில் வண்டியில் வைக்கோல் கொண்டுவந்து கீழே மார்பளவு குவித்திருந்தான். அதை நூருல்லாதான் கேட்டு வாங்கினான். ஒரு வாரத்தில் அவன் தைரியமாகக் கேட்டது அது ஒன்றுதான்.

ஜெயராமன் மதில் மேல் படுத்து, ஒரு கண்ணை மூடிக் கேமராவில் பார்த்தான். பிறகு தலையைத் தூக்கினான்.

"படத்துல வைக்கோல் தெரியுது."

வீராசாமியும் பாண்டுரங்கனும் இறங்கிப்போய் வைக்கோலைக் காலால் தள்ளி ஓரத்தில் ஒதுக்கினார்கள். விழ வேண்டாம், தொங்கினால் போதும், சாவி தீர்ந்ததும் மேலே தூக்கிவிடுவோம் என்று முடிவாயிற்று. இளையபெருமாள் கீழே தெரிந்த கற்களைப் பார்த்தான், நூருல்லாவைப் பார்த்தான். நூருல்லா நோட்டைப் பார்த்தான். அன்று காலையில்தான் ஜெயராமன் அதில் ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லியிருந்தான்: சிநேகிதன் ஒருவன் அவன் விரல்களை மிதிக்கிறான். படமெடுப்பவன் ஜெயராமன். மற்ற இரண்டு பேரின் காலில் செருப்பு இல்லை. நூருல்லாவுக்கு மட்டும் அவன் அப்பா குதிகாலில் இரும்பு லாடம் அடித்துக் கொடுத்த தோல் செருப்பு இருந்தது.

இனிமேல் சொல்வது கேட்பதற்குக் கஷ்டம். வேண்டுமானால் எழுந்துபோய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள், நான் இருக்கிறேன்.

இளையபெருமாள் மதிலுக்கு வெளியே இறங்கித் தொங்கினான். மேலே தெரிந்தவை எட்டு விரல்கள் மட்டும். நகக்கண்களில் கொல்லைச் செம்மண். கேமரா கிர்ரென்று ஓடத் தொடங்கியது. நூருல்லா காலைத் தூக்கி அந்த விரல்களின் மேல் மெதுவாக வைத்தான். வைத்தது போலத் தெரிய வேண்டும், பாரம் விழக் கூடாது.

"பொய்யாத் தெரியுது. மிதிடா," என்றான் ஜெயராமன்.

மிதி, மிதி என்று பின்னாலிருந்து பாண்டுரங்கனும் வீராசாமியும் சேர்ந்துகொண்டார்கள். கோயிலில் தேர் இழுக்கிறவர்கள் மாதிரி ஒரே தாளத்தில் சொன்னார்கள். சாவி தீர்ந்துகொண்டிருந்தது.

"மிதிக்கறியா, இல்ல நீ தொங்கறியா? அவன் மிதிக்கட்டும்," என்றான் ஜெயராமன்.

நூருல்லா மிதித்தான். முழு பாரத்தையும் குதிகாலில் ஏற்றி, லாடத்தைத் திருப்பி மிதித்தான். காய்ந்த கொட்டை ஓடு நொறுங்குவது போல இரண்டு மூன்று எலும்புகள் காலுக்கடியில் நொறுங்கின. விரல்கள் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தன. பிறகு இல்லை. மதிலின் விளிம்பில் ஒரு நகம் மட்டும் கிடந்தது. கேமரா நின்ற பிறகுதான் கீழேயிருந்து சத்தம் வந்தது.

இடது கால் தொடை நடுவில் வேறு பக்கம் பார்த்து மடிந்திருந்தது. எலும்பு டிராயரைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது, கழுவி வைத்தது போல வெள்ளையாக. கற்களின் இடுக்கில் ரத்தம் கோடு கோடாக இறங்கியது. ஒதுக்கித் தள்ளிய வைக்கோல் ஒரு முழம் தள்ளிக் கிடந்தது. இளையபெருமாளின் கண்கள் திறந்திருந்தன. வாயை மட்டும் இறுக மூடியிருந்தான். படம் இன்னும் ஓடுகிறது என்று நினைத்தானோ என்னவோ.

கால் தவறி விழுந்தான் என்று நால்வரும் சொன்னார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் கிடந்துவிட்டு, ஒரு கால் குட்டையாகித் திரும்பிய இளையபெருமாளும் அதையேதான் சொன்னான். வலது கையில் மூன்று விரல்கள் மடங்கவில்லை. இதற்குள் ஜெயராமனின் சித்தப்பா, எதுவும் தெரியாமல், கேமராவைத் திரும்ப வாங்கி, உள்ளே இருந்த சுருளைக் கழுவப் பம்பாய்க்கு அனுப்பிவிட்டார். அது பள்ளிக்கூட முகவரிக்குத் திரும்பி வந்தது. அவரிடமே புரொஜெக்டரைக் கேட்டு வாங்கிவந்து ராமகிருஷ்ணன் சார் முதலில் தனியாகப் போட்டுப் பார்த்தார். பிறகு அப்பாமார்களுக்குச் சொல்லி அனுப்பினார்.

பகல் நேரத்தில் அறிவியல் அறையின் ஜன்னல்களை மூடி, சுவரில் ஒரு வேட்டியைக் கட்டினார்கள். அம்மாக்கண்ணு மகனை வண்டியில் கூட்டிவந்திருந்தாள். அவன் கோலை ஊன்றிக்கொண்டு கதவருகே நின்றான்.

படம் ஓடியது. அறை விழுந்தது, ஜெயராமன் சிரித்துக்கொண்டே அறைந்ததால் நடிப்பு போலவே இருந்தது. பீடி வந்தது. பிறகு மதில், எட்டு விரல்கள், ஒரு செருப்புக் கால். அந்தக் கால் விரல்களின் மேல் வந்து நின்றது. நின்றுகொண்டே இருந்தது. ஏன் நிற்கிறது என்று படத்தில் எதுவும் சொல்லவில்லை. பிறகு மிதித்தது. வேட்டி வெள்ளையானது.

சார் புரொஜெக்டரை நிறுத்த மறந்துவிட்டார். அந்த வெள்ளை வெளிச்சத்தில் எல்லார் முகமும் தெரிந்தது.

தான் சாவி முறுக்கியதோடு சரி என்றான் ஜெயராமன். தாங்கள் அந்த இடத்தில் படத்திலேயே இல்லையே என்றார்கள் மற்ற இருவரும். உண்மைதான், இல்லை. யார் கால் என்றுதான் தெரிகிறதே என்று மில்காரர் நிதானமாகச் சொன்னார். இவர்கள்தான் கத்தினார்கள் என்று சொல்ல நூருல்லா வாயைத் திறந்தான். வேட்டியில் ஒரு கத்தலும் இல்லை.

பீர் முகமது தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் உருகிய ஈயம் பட்டு நுனி மழுங்கிய விரல்கள்.

"உன் காலுதானா?"

"ஆமா, அத்தா," என்றான் நூருல்லா.

அப்போது கதவருகிலிருந்து இளையபெருமாள் பேசினான்.

"படத்துல சத்தம் இல்ல சார். எனக்குக் கேட்டுது. மூணு பேரும் மிதி மிதின்னாங்க." ஒவ்வொருவர் பெயராகச் சொன்னான். ஜெயராமனின் பெயரைச் சொல்லும்போது அவன் குரல் தடுமாறவில்லை. நூருல்லாவுக்கு அத்தனை மாதமாக நெஞ்சில் கிடந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது.

"நூரு ஒண்ணும் சொல்லல," என்றான் இளையபெருமாள். "மிதிச்சான்."

பீர் முகமது எழுந்தார். அம்மாக்கண்ணுவும் எழுந்து மகனுக்கு முன்னால் வந்து நின்றாள். நூருல்லா இந்தத் தடவை குனியவில்லை. அடி விழட்டும் என்று முகத்தை நிமிர்த்தி, கண்ணைத் திறந்துகொண்டே காத்திருந்தான். அவர்கள் இரண்டு பேரும் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் கையை ஓங்கவில்லை. தீர்ந்துபோன சுருளின் நுனி மட்டும் சக்கரத்தில் பட்டு, பட்டு, அடித்துக்கொண்டே இருந்தது.