கை பட்ட சாணி

கத்தரிக்காய்ப் பிரட்டலை இரண்டு வாய் தின்ற பிறகுதான் கலியாணசுந்தரம் கேட்டார்.

"காய் நல்லாருக்கே. எந்தக் கடையில வாங்குன?"

"கடை இல்ல. தெருவுல லோங்காங் சாக்கடை கூட்டுற நல்லையா இருக்கானே, அவன் பொஞ்சாதி ருக்மணி போட்டது," என்றாள் மனைவி சாரதாம்பாள். "பாசார்ல இவ்வளவு பிஞ்சா கெடைக்காது."

அவர் எழுந்துபோய் வாயைக் கொப்பளித்தார்.

காஜா பேராங் வட்டாரத்தில் ஆறு பசு வைத்துப் பால் ஊற்றுகிறவர் அவர். விழும் சாணியை என்ன செய்வதென்று அவருக்குத் தெரிந்ததில்லை. ஒரு வருஷமாக ருக்மணிதான் விடிந்ததும் வந்து கூடையில் அள்ளிப்போனாள். புக்கிட் பாரு அரிசி மில்லில் கொளுத்த வைத்திருக்கும் உமி, பாசாரில் வீசிய கீரைத்தண்டு, இந்தச் சாணி எல்லாவற்றையும் கூட்டுகிறவர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் குழிவெட்டி மட்கவைத்தாள். புல்கூட முளைக்காத அந்தக் களிமண்ணில், மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்த வருஷம் கத்தரி காய்த்தது.

"நாளையிலேருந்து அவளுக்குச் சாணி கெடையாது. லோங்காங்ல தள்ளிவிடு."

"வீணாத்தான போவும்? அதே சாணியத்தான நாம வாசல்ல தெளிக்கிறோம்?"

"நம்ம கையால தெளிக்கிறோம்."

காலையில் கூடையோடு வந்த ருக்மணி பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்றாள்.

"நான் என்ன தப்புங்க செஞ்சேன்?"

"நீ அள்ளுன குப்பையில வெளஞ்சது என் அடுப்புல ஏறிடுச்சு. அதான் தப்பு."

"ஐயா வீட்டுச் சாணிதானுங்களே அது."

"என் வீட்டுல இருக்கிறவரைக்கும்தான்."

நல்லையா வழிக்க வழிக்கச் சாணி விழுந்து, பத்து நாளில் சாக்கடை அடைத்துக்கொண்டது. தெரு நாறியது. ருக்மணியின் குழிதான் நாறுகிறது என்று கலியாணசுந்தரம் முனிசிபாலிட்டிக்கு மனு எழுதிப்போட்டார். சுகாதார அதிகாரி வந்து குழியை மட்டும் பார்த்தார். மனுவில் சாக்கடை இல்லை. அன்று சாயங்காலத்துக்குள் மூடிவிட வேண்டும் என்று உத்தரவானது. வேலைவாங்கும் மண்டோர் மண்வெட்டியை நல்லையாவின் கையிலேயே கொடுத்தார்.

கறுத்துப் பொலபொலவென்று மட்கியிருந்த எருவின் மேல் அவன் களிமண்ணைத் தள்ளினான். கடைசி வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்த ருக்மணி கேட்டாள்.

"இந்தக் கையாலதான் நாளைக்கு அந்த வீட்டு லோங்காங்க அள்ளப் போறீங்களா?"

அவன் மண்வெட்டியில் ஒட்டிய களிமண்ணைச் சுரண்டினான்.

மறுநாள் வீடு வீடாகச் சாக்கடையை வழித்து வந்தவன், கலியாணசுந்தரத்தின் வீட்டு முன்னால் நின்றான். சாணி விளிம்பைத் தாண்டி வாசலுக்கு ஏறியிருந்தது. விளக்குமாற்றைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தான்.

"டேய் நல்லையா! இத யாருடா அள்றது?"

"ஐயா வீட்டுச் சாணிங்க," என்றான் அவன் திரும்பாமல். "எங்க கை படக்கூடாது."

மத்தியானமே அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவன் இடத்துக்கு மறுநாள் வந்தவன் அதே லயத்துத் தேவதாஸ். தெருமுனையிலிருந்து ஒழுங்காக வழித்துக்கொண்டு வந்த அவனும், அந்த வாசலுக்கு முன்னால் குனிந்த முதுகை நிமிர்த்தினான். விளக்குமாற்றைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தான்.