எல்லாரும் வரவில்லை

1

இது கதையாகத் தொடங்கவில்லை. வாக்கியங்களைக் குறிகளாக்கி ஆராயும் பயனிலைத் தர்க்கத்தின் அடிப்படைகளைப் பற்றி ஓர் எளிய கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். ஆங்கில ‘ஏ’ எழுத்தைத் தலைகீழாக நிறுத்தினால் ‘எல்லாரும்’. ‘ஈ’ எழுத்தைத் திருப்பி வைத்தால் ‘ஒருவராவது உண்டு’. யாரென்றே தெரியாத ஒருவர் இருப்பதை இத்தனை சின்னக் குறியால் சொல்லிவிட முடிகிறதே என்று எனக்குப் பெரிய ஆச்சரியம். கட்டுரையில் அந்த ஆச்சரியம் இருந்தது. மனிதர்கள் இல்லை.

2

நெய்வேலியில் அன்று விடியற்காலையிலிருந்தே மழை

(மழையில் தொடங்குவது சோம்பேறித்தனம். ஆனால் மழை இல்லாமல் இது நடந்திருக்காது. இருக்கட்டும்.)

கட்டுரையைத் தட்டச்சு செய்யக் கொடுக்க மெயின் பஜார் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கம்ப்யூட்டரில் பிரபாவதி. பக்கத்து ஊரான வடக்குத்துப் பெண், அஞ்சல் வழியில் எம்.சி.ஏ. படிக்கிறாள். ‘எல்லாரும் வரவில்லை’ என்ற என் எடுத்துக்காட்டில் அவள் விரல்கள் நின்றன.

“மேடம், இது யாருமே வரலன்னா, இல்ல கொஞ்சம் பேர் மட்டும் வரலன்னா?”

“ரெண்டுமாவும் எடுக்கலாம். குறியில எழுதினா வேற வேற. ‘இல்லை’ங்கிற குறி ‘எல்லாரும்’ குறிக்கு முன்னால நிக்குதா பின்னால நிக்குதாங்கிறதுதான்.”

“அட! இதத்தான் புரியாம உருப்போட்டுகினு இருந்தேன்.”

3

அப்போது அவள் போன் அடித்தது. அவளுடைய அக்கா சந்திரா குள்ளஞ்சாவடிப் பக்கம் முந்திரி உடைக்கும் வேலைக்கு வேனில் போகிறவள். கூப்பிட்டது வேன் ஓட்டும் நெடுமாறன். அவர் கத்தியது எனக்கே கேட்டது.

“ஓடையில தண்ணி வந்து வேன இழுத்துடுச்சும்மா! பொம்பளைங்க எல்லாரும் கரைக்கு வரலம்மா!”

இணைப்பு அறுந்தது.

(முதல் வரைவில் இங்கே பிரபாவதியைக் கதறவைத்தேன். பொய். அவள் திரையைப் பார்த்தாள். என் வாக்கியம் அங்கேயே இருந்தது. அதை எழுதிய கையை நான்

இதை முடிக்க வரவில்லை.)

4

மறுபடி மறுபடி முயன்றதில் ஒருவழியாக லைன் கிடைத்தது.

“அண்ணே, ஒருத்தராவது கரைக்கு வந்தாங்களா? அத மட்டும் சொல்லுங்க.”

அக்காவைப் பற்றி நேரே கேட்டிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. பின்னால் அவளிடமே கேட்டேன். “பேரச் சொல்லிக் கேட்டா இல்லன்னுடுவாரோன்னு பயம் மேடம். ஒருத்தராவதுன்னா அதுல எவ்ளோ எடம் இருக்கு!”

“வந்தாங்கம்மா,” என்றார் நெடுமாறன். “கரையில ஒக்காந்துகினு இருக்காங்க.”

பிரபாவதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “இருக்காங்க மேடம். யாரோ இருக்காங்க.”

யாரென்று தெரியாது. ஆனாலும் அவள் முகத்தில் வெளிச்சம். அந்த யாரோவுக்காக ஒரு மனுஷி இவ்வளவு சந்தோஷப்பட முடியும் என்பதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

பிறகு போன் கைமாறியது.

“பிரபா, நான்தான்டி. முந்திரி மரத்தப் புடிச்சிகினு கெடந்தேன். வூட்டுல சொல்லாத, நானே வந்து சொல்றேன்.”

5

இங்கே முடித்திருப்பேன். ஆனால் எல்லாரும் வரவில்லை என்பது உண்மையானால், வராதவள் ஒருத்தியாவது உண்டு. தர்க்கம் அவளைத் தாண்டிப் போக விடாது.

வேனில் சந்திராவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள். “அவ கை என் கையிலதான் இருந்திச்சி,” என்றாள் சந்திரா, வீட்டுக்கு வந்ததும். அந்தப் பெண்ணின் பெயர் எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். பெயரை எழுதினால் முடிவையும் எழுத வேண்டியிருக்கும்.

(இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். இரண்டையும் கிழித்துவிட்டேன்.)

மறுநாள் காலை அக்காவும் தங்கையும் ஓடைக்கரைக்குப் போனார்கள். நானும் போனேன். வெள்ளம் இறங்கிக்கொண்டிருந்தது. எதிர்க்கரை முந்திரித் தோப்புக்குள்ளிருந்து யாரோ கையை வீசிக் கத்தினார்கள். என்னவென்று காதில் விழவில்லை; அவள்தானா, அவளைக் கண்டவர்களா என்றும் தெரியவில்லை. சந்திராதான் முதலில் தண்ணீரில் இறங்கினாள்.

நான் இக்கரையிலேயே நின்றுவிட்டேன். இதை வாசிக்கிற நீங்கள் ஓடுங்கள்.