தியேட்டரில் மாட்டிய மூடி

காப்புரிமை அலுவலக விசாரணை அறைக்குள் நுழையும் முன்பே வக்கீலம்மா தன் அக்கா புருஷனிடம் ஆயிரம் தடவை சொல்லியாயிற்று, வாயைத் திறக்கக் கூடாதென்று. அவரும் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பி அக்கா பட்ட பாடு ஊருக்கே தெரியும். இருந்தும் இவள் நம்பினாள், என்ன செய்வது!

மாமா பிளம்பர். வாஷ்பேசினுக்கு அடியில் மாட்டுகிற வளைவுக் குழாய் ஒன்று செய்திருந்தார். அடைத்துக்கொண்டால் மூடியை அரைத் திருகு திருகினால் போதும். ஒரு சொட்டு சிந்தாமல் குப்பை தனியே வந்துவிடும். காப்புரிமை கிடைத்தால் சொந்தப் பட்டறை. இல்லையென்றால் பழையபடி அடுத்தவன் வீட்டு அடைப்புதான்.

எதிர்த்து வந்தது ஒரு பெரிய குழாய் கம்பெனி. இதில் புதுமையே இல்லை என்று கத்தை கத்தையாகப் பழைய குழாய்களின் வரைபடங்களை நீட்டினார்கள். வக்கீலம்மா விடவில்லை. ஒன்றில் மூடி உண்டு, அரைத் திருகு இல்லை. இன்னொன்றில் திருகு உண்டு, தண்ணீர் கொட்டும். எல்லாம் ஒரே பழைய பொருளில் சேர்ந்திருந்தால்தானே புதுமை போகும் என்றாள். அதிகாரியே ஆமோதித்துவிட்டார்.

அப்போதுதான் கம்பெனி வக்கீல், இவர் எங்கேயாவது பார்த்துத்தான் செய்திருப்பார் என்று ஊசி குத்தினார். மாமாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. இவள் மேசைக்கடியில் காலை மிதித்தும் எழுந்துவிட்டார்.

"நானா காப்பியடிச்சேன்? விண்ணப்பம் போடறதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே தியேட்டர் பாத்ரூம் பூரா மாட்டியிருக்கேன். சுத்தம் பண்றவங்க தினம் கழட்டி மாட்டறாங்க. போட்டோ இருக்கு, தேதியோட இருக்கு."

கம்பெனி வக்கீல் வெகு மரியாதையாகப் போட்டோவை வாங்கிப் பார்த்தார். அதிகாரி பெருமூச்சு விட்டு எழுதிக்கொண்டார். விண்ணப்பத்துக்கு முன்பே ஊரறியப் புழங்கிய பொருள் புதிதல்ல. புழங்க விட்டது செய்தவரே ஆனாலும் அதே சட்டம்தான். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை!

வெளியே வராந்தாவில் அவள் பல்லைக் கடித்தாள். யாருக்காவது காட்டினீர்களா என்று ஆரம்பத்திலேயே கேட்டேனே என்றாள். யாருக்கும் காட்டவில்லையே, மாட்டத்தானே செய்தேன் என்றார் மாமா. அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அவரோ சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, அக்காவுக்குச் சொல்லப் போன் போட்டார். "எப்படியோ, நான்தான் முதல்ல பண்ணேன்னு நிரூபிச்சாச்சுல்ல?"

"நிரூபிச்சாச்சு மாமா. அதனாலதான் இனிமே அது உங்களோடது இல்ல. அந்தக் கம்பெனி நாளைக்கே செஞ்சு விக்கலாம். உங்களை ஒரு வார்த்தை கேக்க வேண்டாம்."

அதற்குள் அக்கா போனை எடுத்துவிட்டாள். பட்டறைக்குப் போர்டு எழுதுகிறவர் வந்து நிற்கிறார், என்ன பெயர் எழுதச் சொல்லட்டும் என்று கேட்டாள்.

 மாமா போனை மச்சினியிடம் நீட்டினார்.