செவ்வாய்க்கிழமைப் படம்

குகநாதன் தேவாரத்தின் மூன்றாம் அடியில் நின்றுவிட்டார். அடுத்த சொல் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். சவப்பெட்டியின் தலைமாட்டில் நின்ற தயாபரன் கற்பூரத் தட்டைக் கைமாற்றிப் பிடித்தான். உள்ளே நெருப்புக் கொளுத்தக் கூடாதென்று தகன மண்டபப் பொறுப்பாளர் காலையிலேயே சொல்லிவிட்டதால் கட்டி அப்படியே வெள்ளையாகக் கிடந்தது.

பெட்டிக்குள் அவனுடைய அண்ணன் சண்முகலிங்கம். நாற்பத்தாறு வயது. யாழ்ப்பாண அரசாங்கக் கச்சேரியில் பதினெட்டு வருடம் கிளாக்கர். சூரிச்சில் நான்கு வருடம் உணவகமொன்றில் கோப்பை கழுவினவர். யாரோ பிழையாக நிரப்பிய படிவத்தை நீட்டியதுபோல ஒரு முகம் அவருக்கு. செத்த பிறகும் அது மாறவில்லை.

பதினைந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. பெட்டி ஒரு சுவருக்குள் போனது, சுவர் மூடிக்கொண்டது. வெளியே கார்த்திகைக் குளிரில் வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கை கொடுத்தார்கள்.

"வேலை வேலையெண்டே போட்டாரடா தம்பி," என்றார் குகநாதன். சகோதரர்கள் இருவரும் சூரிச்சுக்குப் பக்கத்தில் ஷ்லீரனில் இருந்த அதே கட்டடத்தின் மேல்மாடியில் இருப்பவர். "கடைசி மூச்சையும் வேலையில நிண்டுதான் விட்டவர். ஆருக்குக் கிடைக்கும் இப்பிடி ஒரு சாவு."

"ஓம் அண்ணை," என்றான் தயாபரன்.

அது பொய். அந்தப் பொய்யை உண்டாக்கியவனும் அவன்தான்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் பொலிஸ்காரர் இருவர் வந்து சொன்னது வேறு. சண்முகலிங்கம் செத்தது ஒரு சினிமாத் தியேட்டரில், படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும் எழும்பாமல். மாரடைப்பு. உணவகத்தில் செவ்வாய் அவருக்கு லீவு நாள். செவ்வாய்ப் பின்னேரங்களில் ஒரு கட்டடம் கூட்டப் போவதாகத் தம்பியிடம் சொல்லித்தான் இரண்டு மாதமாக வெளிக்கிட்டுப் போனார். தம்பியும் நம்பியிருந்தான்.

படம் பார்த்தார் என்பதைத்தான் தயாபரனால் விழுங்க முடியவில்லை. ஐயா செத்த பிறகு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தின மனுசன். பள்ளிக்கூடத்துக்கு ஒளித்து மற்றினிப் படம் பார்த்ததற்காகப் பதினாலு வயதில் தன்னைப் பூவரசந் தடியால் வெளுத்தவர். சிரித்துக் கண்டதில்லை. பொலிஸ்காரர் சொன்ன தியேட்டரை அடுத்தநாள் தெருவின் மறுகரையில் நின்று பார்த்தபோது இன்னும் மோசமாக இருந்தது. சுவரொட்டியில் வட்டத் தொப்பியும் குடையுமாக ஒரு வெள்ளைக்காரன் வாயைப் பிளந்து நின்றான். அவனைச் சுற்றி இறகு கட்டிய பெண்கள், இறகைத் தவிர அதிகமாக ஒன்றுமில்லாமல்.

இதை எப்படி அண்ணிக்குச் சொல்வது? விசா கிடைக்குமென்று மூன்று வருடமாகக் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு உறவினர் வீட்டு அறையில், இரண்டு பிள்ளைகளோடு காத்திருக்கிற செல்வராணிக்கு? "வேலை செய்துகொண்டு நிக்கேக்க" என்று சொன்னான். பிறகு எல்லோருக்கும் அதையே சொன்னான்.

இப்போது ஒரு வேலை மிச்சமிருந்தது. அண்ணனுடைய குளிர் அங்கி அந்தத் தியேட்டரிலேயே கிடந்தது. வந்து எடுத்துப் போகும்படி இரண்டு தரம் தொலைபேசி வந்துவிட்டது. குகநாதனிடம் அகதிக் கந்தோரில் ஒரு கையெழுத்து அலுவல் என்று சொல்லிவிட்டு ட்ராம் ஏறினான்.

நுழைவுச்சீட்டு விற்கிற பெண்ணுக்கு அறுபது வயதிருக்கும். இத்தாலிக்காரி, பெயர் திரேசா என்றாள். அங்கியைத் தூசி தட்டி, மடித்து, காகிதத்தில் சுற்றி வைத்திருந்தாள். இருவருக்கும் டொச் பாஷை அரைகுறை. அதனால் ஒருவரை ஒருவர் நன்றாக விளங்கிக்கொண்டார்கள்.

"நீ தம்பியா? நெற்றி அதே நெற்றி," என்றாள். "ஏழு செவ்வாய் வந்தார். எப்பவும் ஒன்பதாவது வரிசை."

"ஏழு தரமோ? இந்தப் படத்துக்கோ?"

"இதே படம். மற்ற ஆட்களுக்கு அலுத்துப்போச்சு, பாதி நாற்காலி காலி. ஆனா உன் அண்ணன் வந்தா நான் இந்தக் கதவைத் திறந்து விட்டுடுவேன். அவர் சிரிக்கிறது இங்க வரைக்கும் கேட்கும்."

ஆளை மாறிச் சொல்கிறாள் என்றே தயாபரன் நினைத்தான். தன் பணப்பையிலிருந்து அண்ணனின் அகதி அட்டையை எடுத்துப் படத்தைக் காட்டினான்.

"இவரேதான்," என்றாள் திரேசா. "முதல்ல மூக்கால ஒரு சத்தம். அடக்கப் பார்ப்பார். பிறகு முடியாது. மற்றவங்க படத்தைப் பார்த்து இல்லை, அவரைக் கேட்டுத்தான் சிரிச்சாங்க." அங்கி சுற்றிய காகிதத்தைச் சரிசெய்தாள். "செவ்வாய்க்கிழமையும் சிரிச்சார். மேளக்காரங்க வர்ற இடத்தில. அதுக்குப் பிறகு நான் கேட்கல. படம் முடியப்போகுதே என்று நினைச்சேன்."

இரண்டு மணிக் காட்சி தொடங்க ஐந்து நிமிடம் இருந்தது. தயாபரன் அங்கியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றான். போகவுமில்லை, கேட்கவுமில்லை. அவள் கதவைத் திறந்து பிடித்தாள்.

ஒன்பதாவது வரிசைக்குப் போகக் கால் வரவில்லை. பின்னால் ஒரு ஓரத்தில் இருந்தான்.

லண்டனில் காப்புறுதிக் கந்தோர் ஒன்றில் ஒரு கிளாக்கர். பக்கத்து வீட்டு ரேடியோவிலிருந்து சுவருக்கூடாக ஒருநாள் பிரேசில்காரரின் சம்பா ஆட்ட மெட்டொன்று கேட்கிறது. பாதியில் நின்றுவிடுகிறது. மிச்சத்தைக் கேட்காமல் அவனுக்கு நித்திரை வரவில்லை. லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் குடையோடு பிரேசிலுக்குப் போகிறான். அந்த மெட்டை வாசித்தவர்கள் எந்தத் தெருவுக்குப் போனாலும் இவன் போய்ச்சேர ஐந்து நிமிடம் முந்திப் புறப்பட்டிருப்பார்கள். வாழைக்குலை வண்டிக்குள் விழுகிறான். கல்யாண வீடொன்றில் மாப்பிள்ளையென்று நினைத்து அவனுக்கு மாலை போடுகிறார்கள். இறகு கட்டிய பெண்களைக் கண்டால் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொல்லி வழி விசாரிக்கிறான், அவ்வளவுதான். சுவரொட்டிக்குப் பயந்திருக்கத் தேவையில்லை.

தயாபரன் கல்லுப்போல இருந்தான். இதில் ஏழு தரம் பார்க்க என்ன இருக்கிறது?

இடைவேளைக்குப் பிறகு அந்த வெள்ளைக்காரன் ஒரு அரசாங்கக் கந்தோருக்குள் மாட்டிக்கொண்டான். மேளக்காரரின் ஊர்வலத்தில் நடக்க அவனுக்கு ஒரு முத்திரை வேண்டும். முதலாம் யன்னல் நாலாம் யன்னலுக்கு அனுப்பியது. நாலாம் யன்னல், ஏழாம் யன்னலின் கடிதமில்லாமல் பேச மாட்டேனென்றது. ஏழாம் யன்னல் அவனை மேலும் கீழும் பார்த்து, "நீர் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்ததற்கு என்ன ஆதாரம்?" என்றது. அவன் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தான். பிறகு அதையே கழற்றி யன்னலுக்குள் நீட்டினான்.

தயாபரனுக்கு மூக்கால் ஒரு சத்தம் வந்தது. பேர்ணில் அகதி விசாரணை நடந்த அறை, மொழிபெயர்ப்பாளர், அண்ணன் மடியில் வைத்திருந்த பைல், எல்லாம் ஒரே நேரத்தில் வந்தன. வாயைப் பொத்தினான். முன்னால் இருந்த கிழவி திரும்பிப் பார்த்தாள்.

மேளக்காரர்கள் வந்தார்கள். கடைசியில் அவன் அவர்களைப் பிடித்துவிட்டான். ஆனால் அவனுக்கு ஆடத் தெரியாது. கால் ஒரு பக்கம் போக இடுப்பு மறுபக்கம் நின்றது. ஊரே கைகொட்டிச் சிரித்தது. மேளக்காரரில் பெரியவன் ஒருவன் அவன் காலையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அந்தப் பிழையான காலுக்கு ஏற்றபடி மெல்ல அடியை மாற்றினான். மற்ற மேளங்களும் ஒவ்வொன்றாக மாறின.

தயாபரன் ஒன்பதாவது வரிசையைப் பார்த்தான். அங்கே ஒருவரும் இல்லை.

பெரிய ஸ்டேசனிலுள்ள தொலைபேசிக் கூண்டொன்றுக்குள் அவன் நுழைந்தபோது ஐந்து மணி. கொழும்பில் பிள்ளைகள் படுத்திருக்கும். செல்வராணி முதல் மணியிலேயே எடுத்தாள்.

"எல்லாம் முடிஞ்சுதோ தயா?"

"முடிஞ்சுது அண்ணி. குகநாதண்ணை தேவாரம் படிச்சவர். நல்ல வடிவாய் நடந்தது."

"ம். தயா, ஒண்டு கேக்கிறன், ஒளிக்காமல் சொல்லு. அண்டைக்கு அவர் சாப்பிட்டவரோ?"

"ஏன் அண்ணி?"

"மூண்டு நாளாய் எனக்கு அந்த ஒரு யோசினைதான். வெறும் வயித்தோட நிண்டு கூட்டியிருப்பார். களைச்சிருப்பார். இருங்கோ எண்டு சொல்ல ஒரு சனம் பக்கத்தில இல்லை. எனக்காகவும் பிள்ளையளுக்காகவும் மாடு மாதிரி வேலை செய்து செய்தே அந்த மனுசன்..."

தயாபரன் கண்ணாடியில் நெற்றியை வைத்தான். குளிர்ந்தது. மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று அவன் சொன்ன சொல்லை அவள் மூன்று நாளாக நெஞ்சில் சுமந்துகொண்டு திரிகிறாள்.

"அண்ணி, நான் சொன்னது பொய்."

தயாபரன் அங்கியை மறு கக்கத்துக்கு மாற்றினான்.

"அவர் வேலையில நிண்டு சாகேல்லை. படம் பாத்துக்கொண்டு இருந்தவர். தியேட்டரில. நல்ல மெத்தைக் கதிரையில."

"படமோ?"

"ஓம்."

"என்ன படம்?"

"பகிடிப் படம். ஒரு வெள்ளைக்காரன் பிரேசிலுக்குச் சம்பா தேடிப் போறான். ஏழு தரம் பாத்தவராம். நான் வெக்கத்தில மறைச்சுப்போட்டன். பிழைதான்."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அழுவாள் என்றும் நினைத்தான்.

"சிரிச்சவரோ?" என்று கேட்டாள்.

"வெளியில டிக்கெற் குடுக்கிற இடம் மட்டும் கேட்டதாம்."

"முதல் மூக்கால ஒரு சத்தம் வரும்."

"ஓம் அண்ணி. அப்பிடித்தான் அந்த மனுசியும் சொன்னவ. உங்களுக்குத் தெரியுமோ?"

"எனக்குத் தெரியாமல் ஆருக்கடா தெரியும்? எங்கட கலியாணத்தண்டு தாலி கட்டேக்க கை நடுங்கினதெல்லோ? மாப்பிள்ளை பயந்திட்டார் எண்டு சனம் கதைச்சது. பயமும் இல்லை, ஒண்டுமில்லை. ஐயர் மந்திரத்துக்கு நடுவில தும்மிப்போட்டார். இவருக்குச் சிரிப்பு அடக்க ஏலாமல் போச்சுது. நீங்கள் எல்லாரும் சின்னனுகள். உங்களுக்கு முன்னால சிரிச்சால் சொல்வழி கேக்காதுகள் எண்டுவார். அறைக்கதவைச் சாத்தினாப் பிறகுதான்..."

அவள் மூக்கை உறிஞ்சினாள். பிறகு குரலைச் சரிப்படுத்திக்கொண்டாள்.

"கதையைச் சொல்லு."

"இப்பவோ?"

"முதலில இருந்து சொல்லு. ஒண்டும் விடாதை."

தயாபரன் சொன்னான். சுவருக்கூடாக வந்த மெட்டு. வாழைக்குலை வண்டி. மாலை போட்ட கல்யாண வீடு. ஏழாம் யன்னலுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றி நீட்டியதைச் சொன்னபோது, கடலுக்கு அப்பாலிருந்து, செல்வராணியிடமிருந்து, மூச்சுத் திணறுவதுபோல ஒரு சத்தம் வந்தது. அது சிரிப்பென்று விளங்க அவனுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு அவனாலும் அடக்க முடியவில்லை. ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணும் மூக்கும் வழிய, கூண்டின் சுவரில் சாய்ந்து நின்றான்.

வெளியே தன் முறைக்காகக் காத்திருந்த ஒரு சுவிஸ் கிழவர் கண்ணாடிக்கூடாக அவனைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி அவனைப் பார்த்தார். பிறகு கூண்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, பையைக் காலடியில் வைத்துவிட்டு, புறப்பட்டுப் போகிற ரயில்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.